எட்டுக் கட்டங்களில் சைபர்

ஜூன் 3, திங்கள்

முன்பொரு நாள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், ஐநூத்தி ஏழுல நடுவுல சைபர் போடறோமே, அந்த எடம் காலியா, இல்ல ஆள் இருக்கா?" வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதைச் சொன்னேன். துண்டு கிடக்கும் சீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அது காலி சீட்டும் இல்லை. போய் உட்கார்ந்து பார், சண்டைக்கு வருவார்கள். அவள் யோசித்துவிட்டு, "அப்ப சைபர்ங்கறது துண்டுங்களா டீச்சர்?" என்றாள். அந்த வருடம் முழுக்க அவளுக்குத் 'துண்டு' என்றே பெயராகிவிட்டது, பாவம்.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம், என் வீட்டுக்காரர் காலையிலிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இட்லி வைத்தால் சைபர். மாத்திரை கொடுத்தால் சைபர். வலிக்கிறதா என்றால் சைபர்.

மே பதினொன்றாம் தேதி திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது இவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. சொல்ல நினைப்பது வாய்க்கு வரும் வழியில்தான் எங்கோ மாறிவிடுகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் தாட்சாயணி, இவர் சொல்லும் சொற்களைத் தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறாள். "என்ன சொன்னார், எப்போ சொன்னார், நீங்க என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க, எல்லாத்தையும் எழுதுங்கம்மா" என்றாள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு நோட்டு எழுதக் கசக்குமா? இதுதான் அந்த நோட்டு.

இன்று: சைபர் – 41 முறை. வேறு சொல் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

சைபர் – 38. தண்ணீருக்குப் 'பனியன்' என்றார். பனியனைக் கொண்டுவந்து நீட்டினேன். இருவரும் சிரித்தோம்.

ஜூன் 7, வெள்ளி

பட்டறையிலிருந்து சம்பூரணம் வந்தாள். பீளமேட்டில் இவர் நடத்தும் பட்டறையில் பதினெட்டு வருடமாக மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் பற்றவைக்கிறவள். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

"ஐயா மடியில இருந்துச்சுன்னு கண்டக்டர் குடுத்தாருங்களே, அதுங் டீச்சரம்மா. மேல வெச்சிருந்த லேப்டாப் பைதான் எவனோ கொண்டுட்டுப் போயிட்டான். இது மட்டுந்தான் மிச்சம்."

டப்பாவுக்குள் உள்ளங்கை அளவு பச்சைப் பலகை. நடுவில் நெற்றிப்பொட்டு அளவில் கறுப்புச் சிப்.

எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இவர் பட்டறையில் நடக்க முடியாதவர்களுக்கான மோட்டார் நாற்காலிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்கிறார்கள். மோட்டார் எப்போது எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும், எப்போது பிடித்து நிற்க வேண்டும் என்பதெல்லாம் நிரலாக இந்தச் சிப்புக்குள் எழுதியிருக்கும். இதுவரை இருபத்திரண்டு நாற்காலிகள் வெளியே ஓடுகின்றன. ஏப்ரலில் அன்னூரில் ஒருவர் மேட்டில் ஏறும்போது பேட்டரி இறங்கி, நாற்காலி பின்னோக்கி உருண்டு, இடுப்பெலும்பு முறிந்தது. பேட்டரி இறங்கினால் மேட்டில் பிடி விட்டுப்போகும் என்பது அன்றுதான் தெரிந்தது. மூன்று வாரம் இவர் சாப்பாட்டில்கூட மனம் வைக்காமல் உட்கார்ந்து அதைத் திருத்தினார். மே பதினொன்று காலையில் திருப்பூரில் ஒரு நாற்காலியில் இந்தப் பலகையை மாட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "மேட்டுல அப்படியே நின்னுடுச்சு, டீச்சர்!" கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கிண்டலாகக் கூப்பிடுவார். அதற்குப் பிறகு இவர் முழு வாக்கியம் எதுவும் பேசவில்லை.

திருத்திய நிரல் இருந்த லேப்டாப் போய்விட்டது. பட்டறைக் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய, உருளும் நிரல். சரியானது இந்த ஒரு சிப்புக்குள் மட்டும் இருக்கிறது. இதிலிருந்து நகலெடுத்து மற்ற இருபத்திரண்டிலும் ஏற்றினால் போதும்.

"அப்ப எடுக்கலாமே?" என்றேன்.

"பூட்டியிருக்குதுங்க. நாலு வருசம் முந்தி ஒருத்தன் நம்ம பலகைய வாங்கி உள்ளார இருக்கறத அப்பிடியே உருவி பாதி வெலைக்கு வித்துப்போட்டான். அதுல இருந்து ஐயா எல்லாத்தையும் பூட்டியே வெப்பாரு. எட்டுக் கட்டத்துல என்னமோ நம்பர் அடிப்பாரு. அடிக்கறப்ப என்னைய டீ வாங்கியாரச் சொல்லிப்போடுவாரு."

ஆசிரியருக்கு இது எளிதில் புரியும். பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டு முதல் நாளே பள்ளிக்கு வந்துவிடும். முத்திரை உடைக்கும் நேரம் வரை தலைமையாசிரியரும் உள்ளே பார்க்கக் கூடாது. இந்தச் சிப்பும் அப்படி. உள்ளே இருப்பதை மோட்டார் படிக்கும். நாம் படிக்க முடியாது. எண் தெரியாவிட்டால் திறக்க வழியே இல்லை.

எண் இவருக்குத் தெரியும். கட்டத்துக்கு நாலு எண்ணாக எட்டுக் கட்டம், மொத்தம் முப்பத்திரண்டு எண். டப்பாவைக் கண்டதும் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நம்பர் என்னங்க?" என்றேன்.

"சைபர்" என்றார். பிறகு தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை. இப்போதெல்லாம் இவருக்கு இரண்டு ஆட்டமும் ஒன்றாகத்தான் வருகிறது.

சைபர் – 56.

ஜூன் 10, திங்கள்

பிலோமினா வந்திருந்தாள். சூலூரில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். இவர் செய்த நாற்காலிதான் அவளுக்குக் கால். ஆப்பிள் நான்கு கொண்டுவந்தாள். இவர் அவளைக் கண்டு 'சைபர்' என்றார்.

"ஆமாங்க சார், கடைல வியாபாரம் அதேதான்" என்றாள். இவருக்குச் சிரிப்பு வந்து எச்சில் வழிந்தது.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். மேட்டில் போகாதே, பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே, கொஞ்ச நாளில் சரிசெய்து தருகிறோம் என்று.

"கடை வாசல்ல சரிவுப்பலகை போட்டிருக்கேன் டீச்சர். தெனம் நாலு தடவ ஏறி எறங்கறேன். கீழ மெயின் ரோடு. லாரி போற ரோடு." கொஞ்சம் நிறுத்தி, "எத்தன நாள்?" என்றாள்.

"ஒரு மாசம்" என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ.

வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பசங்க?" என்றாள்.

இல்லை என்றேன்.

ஜூன் 13, வியாழன்

இன்று ஒன்று நடந்தது. சம்பூரணம் கூடத்தில் உட்கார்ந்து திருகுகளை எண்ணிப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒன்னு, ரெண்டு, மூணு..." கட்டிலிலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. "நாலு, அஞ்சு, ஆறு..." தெளிவாக! பத்து வரை வந்து நின்றது. சம்பூரணம் திருகுகளைக் கொட்டிவிட்டாள்.

தாட்சாயணிக்குப் போன் செய்தேன். அது அப்படித்தானாம். எண்ணிக்கை, கிழமைகள், வாய்ப்பாடு எல்லாம் நாக்கு தானாக ஓடும் தடங்கள். தனியாக 'ஆறு' சொல்ல வராது. ஒன்றிலிருந்து கிளம்பினால் ஆறு வழியாகப் போக முடியும்.

ரயில் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஈரோட்டில் போய்க் குதிக்க முடியாது. கோயம்புத்தூரில் ஏறினால் ஈரோடு தானாக வரும். வரும்போது சங்கிலியை இழுத்தால் போதும்.

இவருடைய இடது கையை என் கையில் வைத்துக்கொண்டேன். "முதல் நம்பருங்க. ஒன்னுல இருந்து சொல்லிட்டே வாங்க. அந்த எண் வந்ததும் கையை அழுத்துங்க. சைபர்னா பத்து வரைக்கும் போயிடுங்க."

"ஒன்னு, ரெண்டு." அழுத்தினார்.

"அடுத்தது?"

"ஒன்னு." அழுத்தினார்.

அதற்குமேல் வியர்த்துவிட்டது. இன்றைக்கு இரண்டே எண்.

ஜூன் 16, ஞாயிறு

எட்டு எண்கள் சேர்ந்தன. 2, 1, 0, 1, 1, 9, 9, 9. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 21-01-1999. பட்டறை திறந்த நாள்! தேதிகள்தான்! எட்டெட்டாக நான்கு தேதிகள்!

"ரெண்டாவது நம்ம கல்யாண நாளா?" என்றேன். கையை அழுத்தினார். கையிலிருந்த நோட்டாலேயே ஓர் அடி போடத் தோன்றியது. முப்பத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அந்தத் தேதியை நினைவு வைத்துப் புடவை வாங்கித் தந்ததில்லை இந்த மனுஷன்.

சைபர் – 20.

ஜூன் 19, புதன்

மூன்றாவது: 05-03-2016. எனக்குத் தெரியவில்லை. சம்பூரணத்துக்குத் தெரிந்திருந்தது.

"நம்ம மொத நாற்காலி ஓடுன நாளுங் டீச்சரம்மா. ஐயாவே அதுல உக்காந்து பட்டறையச் சுத்தி மூணு ரவுண்டு வந்தாரு. எறங்கவே மாட்டேனுட்டாரு. ரவா கேசரி வாங்கித் தந்தாரு எல்லாத்துக்கும்."

இவர் கண்ணை மூடிச் சிரித்தார். இன்று மலச்சிக்கல் சரியாயிற்று. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 22, சனி

நான்காவது தேதி. முதல் எண் ஒன்று. இரண்டாவதற்கு எண்ணிக்கொண்டே வந்தார், ஏழில் அழுத்தினார். மூன்றாவதற்கு எண்ணவே ஆரம்பிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி ஆறு எண்களையும் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அன்றைக்குப் பெய்த மழைகூடத் தெரியும். குழந்தை பிறந்த நாளும் அதுதான், போன நாளும் அதுதான். முப்பத்தொரு வருடமாக இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. மறுவாரமே இவர் வேலைக்குப் போய்விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

நாலு வருடமாக ஒவ்வொரு பலகைக்கும் அதை அடித்திருக்கிறார். சம்பூரணத்தை டீ வாங்க அனுப்பிவிட்டு.

சாயங்காலம் கொசு அதிகம். வலை கட்டினேன்.

ஜூன் 23, ஞாயிறு

பூட்டு திறந்தது. எழுத நேரமில்லை.

ஜூன் 24, திங்கள்

துணி துவைத்தேன். ரசத்துக்கு உப்பு கூடிவிட்டது. இவர் சாப்பிடவில்லை. சம்பூரணம் போன் செய்தாள், எடுக்கவில்லை.

சைபர் – இல்லை.

ஜூன் 26, புதன்

சைபர் – இல்லை. மூன்று நாளாகவே இல்லை.

தாட்சாயணிக்குச் சந்தோஷம். "அம்மா, ஒரே சொல்லுல சிக்கிக்கிட்டு இருந்தாருல்ல, அது விட்டுப்போச்சுன்னா நல்ல முன்னேற்றம்தான். என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

நான் மாணவர்களுக்குச் சொன்னது: தவறான விடையை அடித்துக் கிறுக்காதே, ஒரே கோடு போடு. எங்கே தப்பினாய் என்று நாளைக்கு உனக்கே தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

பட்டறைக் கம்ப்யூட்டரை இவர் கட்டிலுக்கு எதிரே மேசையில் வைத்திருந்தோம். சம்பூரணம் பலகையை இணைத்துவிட்டு, மகள் வீட்டு விசேஷம் என்று போய்விட்டாள். நான் எட்டுக் கட்டத்திலும் நான்கு தேதிகளையும் அடித்தேன். 'திறந்தது' என்று வந்தது. இவர் இடது கையால் தொடையைத் தட்டினார். அவ்வளவு சந்தோஷத்தை மே மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பார்க்கவில்லை.

அப்போதே நகலெடுத்திருக்க வேண்டும். மூன்று நிமிட வேலை.

ஆனால் அந்த எண்ணும் சிப்புக்குள்தான் இருக்கிறது. நகலெடுத்தால் நிரலோடு சேர்ந்து அதுவும் வரும். பட்டறையில் எல்லோரும் அடிக்கும் எண்ணாகிவிடும். மின்சாரம் அடிக்கடி போகிறது, பூட்டு மறுபடி விழுந்துவிடும், அதனால் முதலில் எண்ணை எடுத்துவிடலாம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. ஊரெல்லாம் உருளும் நாற்காலிகளின் அடியில் யாரும் அறியாமல் கிடந்த அந்தத் தேதியைப் பட்டறையில் எல்லோர் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது எங்களுடையது.

அதே பக்கத்தில் எண்ணை மாற்ற எட்டுக் கட்டம் இருந்தது. காலி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். காலி என்றால் என்ன போடுவோம்? கட்டத்துக்கு நாலாக எட்டிலும் சைபர் போட்டேன்.

கட்டிலிலிருந்து இவர், "சைபர்" என்றார்.

"ஆமா, சைபர்தாங்க" என்றேன்.

"சைபர்! சைபர்!" கட்டில் கம்பியை இடது கையால் அடித்தார்.

"அதுதாங்க போட்டிருக்கேன். பாருங்க, எட்டுலயும் சைபர்." திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். இத்தனை நாளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இன்றைக்கு நான் புரிந்துகொண்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 'எழுது' என்பதை அழுத்தினேன்.

பிறகு இன்னொன்று செய்தேன். விடை வந்ததும் சரிபார் என்று முப்பது வருடம் சொல்லிக்கொடுத்தவள். பூட்டு நிஜமாகவே போய்விட்டதா என்று சரிபார்க்க, பலகையின் மின்சாரத்தை அணைத்துப் போட்டேன்.

'பூட்டப்பட்டுள்ளது' என்று வந்தது. தேதிகளை அடித்தேன். திறக்கவில்லை. சைபர் அடித்தேன். திறக்கவில்லை.

இவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பின்னாலிருந்து, "நகல் எடுத்தாச்சுங்க, எல்லாம் சரியா வந்துடுச்சு" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது.

இன்று சிப் விற்கும் கடையின் பொறியாளரிடம் போனில் கேட்டேன். நல்ல பையன், பொறுமையாகச் சொன்னார்.

"மேடம், எல்லாக் கட்டத்துலயும் சைபரா போட்டீங்க?"

"ஆமாங்க. காலியாக்கலாம்னு."

"இதுல காலின்னா சைபர் இல்ல மேடம். காலின்னா எல்லாம் ஒன்னு. எழுதறதுன்னாலே ஒன்ன சைபரா மாத்தறதுதான். ஒன்னுல இருந்து சைபருக்கு எப்பவும் போகலாம். திரும்ப ஒன்னாக்கணும்னா மொத்தமா அழிக்கணும். அதுக்கும் மொதல்ல பூட்டத் தெறக்கணும். எல்லாம் சைபர்னு பாத்தா சிப் என்ன நெனைக்கும்னா, இனி யாருக்கும் எப்பவும் தெறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னு. அதுக்காகவே வெச்ச ஏற்பாடு மேடம் அது. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நாங்க மொதல்ல சொல்றதே, எது வேணா போடு, சைபர் மட்டும் போட வேண்டாம்."

சைபர் மட்டும் வேண்டாம். பஸ்ஸில் விழும்போது இவர் மனதில் பூட்டைப் பற்றிய அந்த எச்சரிக்கைதான் இருந்திருக்க வேண்டும். அதில் முதல் சொல் மட்டும் வாயில் மிஞ்சியது. நாற்பத்தொரு முறை, முப்பத்தெட்டு முறை, ஐம்பத்தாறு முறை என்று எண்ணி எண்ணி எழுதியிருக்கிறேன்.

போனை வைக்குமுன் கேட்டேன், அந்தப் பலகை இனி எதற்கும் ஆகாதா என்று.

"ஓடும் மேடம். உள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கு. மோட்டார்ல மாட்டினா நல்லா ஓடும். யாரும் படிக்கத்தான் முடியாது."

ஜூலை 2, செவ்வாய்

இன்னொருவர் பழைய நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு இவருடைய திருத்தத்தைத் திரும்ப எழுத எட்டு மாதமாவது ஆகும், அதுவும் தெரிந்த ஆள் கிடைத்தால், என்று சிப் கடையில் சொன்னார்கள். அதுவரை யாரும் அந்த நாற்காலிகளில் போகக் கூடாது. இருபத்திரண்டு பேருக்கும் நானே போன் செய்தேன். சம்பூரணம் செய்கிறேன் என்றாள். தப்பு செய்தவள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஐயாவுக்குத் தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சிலர் கோபித்தார்கள். சிலர், சார் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. பிலோமினா முழுவதும் கேட்டாள்.

"மேட்டுல உருளும், அவ்வளவுதானே டீச்சர்? நான் சமதரையிலயே இருந்துக்கறேன். சூலூர்ல சமதரை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க." பிறகு, "எட்டு மாசம் கடைய மூடிட்டு நான் எங்க போறது? நீங்க கணக்கு டீச்சர்தானே, போட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

சரியாக ஓடும் பலகை ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை முதலில் அன்னூர்க்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று போய்க் கேட்டேன்.

"என்ற பொணத்தக்கூட அதுல உக்கார வெக்கக் கூடாதுன்னு ஊட்ல சொல்லிப்போட்டனுங்" என்றார். காபி கொடுத்து அனுப்பினார்.

ஜூலை 15, திங்கள்

சம்பூரணம் பலகையைப் பிலோமினாவின் நாற்காலியில் மாட்டினாள். நானும் போயிருந்தேன். பேட்டரியை வேண்டுமென்றே இறக்கி வைத்து, சரிவுப்பலகையின் நடுவில் நிறுத்தச் சொன்னோம். பின்னால் கயிறு கட்டிச் சம்பூரணம் பிடித்துக்கொண்டாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

நின்றது. அப்படியே நின்றது. ஒரு விரல்கூடப் பின்வாங்கவில்லை.

பிலோமினா மேலிருந்தபடியே, "மத்த இருபத்தோரு பேருக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய் ஜெராக்ஸ் போட ஆரம்பித்தாள்.

ஜூலை 27, சனி

பல்லடத்திலிருந்து இரண்டு நாற்காலிகள் திரும்பி வந்தன. பட்டறையில் இடமில்லை, நம் வாசலில் நிற்கின்றன. ஜன்னல் வழியாக இவருக்குத் தெரியும். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் செய்தேன். எலுமிச்சைச் சாதம் மட்டும் சாப்பிட்டார்.

சாப்பிட்டபின் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். நகல் எடுக்கவில்லை. சைபர் போட்டுவிட்டேன். எதற்காக எண்ணை எடுக்கப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். அந்தத் தேதியை வாய்விட்டுச் சொன்னேன். முப்பத்தொரு வருடத்தில் இருவரும் ஒரே அறையில் இருக்கும்போது அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு பலகை பிழைத்திருக்கிறது, பிலோமினா நாற்காலியில் ஓடுகிறது, வாசலில் இருப்பவை நின்றுபோனவை என்றும் சொன்னேன். "நீங்க போடாதேன்னு சொன்னீங்க. நான் போடுன்னு கேட்டுட்டேன்" என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

இவர் வெகுநேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். தொண்டை நரம்பு புடைத்தது. பிறகு ஒரு சொல் வந்தது. புதிய சொல்.

"வேண்டாம்."

இன்னும் ஒருமுறை, தெளிவாக: "வேண்டாம்."

சைபர் வேண்டாம் என்று அன்று சொல்ல முடியாமல் போனதை நாற்பத்தொரு நாள் கழித்து முடித்தாரா, அழ வேண்டாம் என்று என்னிடம் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்டேன். கையை அழுத்தினார். இரண்டுக்கும் அழுத்தினார்.

இன்று: வேண்டாம் – 2.

ஆகஸ்ட் 7, புதன்

தாட்சாயணி இந்த நோட்டைக் கேட்கிறாள். பேச்சிழந்தவர்களின் வீட்டாருக்குப் படிக்கக் கொடுப்பாளாம். சில பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். உங்கள் இஷ்டம் என்றாள். கிழிக்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி மட்டும் சொல்கிறேன். நோயாளி இருக்கும் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்றைக்குச் சாப்பிட்டபின் உங்களோடு வாழ்பவருக்கு எதிரே உட்காருங்கள். வாயைத் திறக்காமல், தலையை ஆட்டாமல், இடது கையால் மட்டும் 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது என்று இருவரும் ஒரு சைகையை முடிவுசெய்து, ஒருமுறை செய்து பாருங்கள்.